டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தாச்சு... இனி படுத்தே இருக்கணுமா? மலையில் வாழ்பவர்களுக்கான மறுவாழ்வு சிகிச்சை கைடு!

ஏற்காடு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏரியில் படகு, லேடீஸ் சீட்டில் ஒரு செல்ஃபி, ரோட்டோரக் கடையில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி. வீக் எண்ட் முடிந்ததும் நாம் இறங்கிவிடுவோம். ஆனால், நாகலூரிலோ வாழவந்தியிலோ மாரமங்கலத்திலோ வீடு இருப்பவருக்கு அந்த மேடு பள்ளம்தான் தினசரி வாழ்க்கை. தண்ணீர் பிடிக்க இறங்கணும், காபித் தோட்டத்து வேலைக்கு ஏறணும், பஸ்ஸைப் பிடிக்க நடக்கணும்.

அப்படி ஒருவருக்கு பக்கவாதம் வந்து, சேலத்தில் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் பரவாயில்லை, பிபி கட்டுப்பாட்டில் இருக்கிறது, மாத்திரையும் கையில் இருக்கிறது. மருத்துவமனையின் கணக்கில் அவர் பிழைத்துவிட்டார். அவருடைய கணக்கோ வேறு. 'ராத்திரி யாரையும் எழுப்பாம பாத்ரூம் போக முடியுமா? வாசப்படி மூணையும் தாண்ட முடியுமா? திரும்பவும் வேலைக்குப் போவேனா?'

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுவதுதான் மறுவாழ்வு சிகிச்சை. ரீஹாப் என்று நாம் சுருக்கிச் சொல்வது இதைத்தான். 'அதெல்லாம் கிரிக்கெட் பிளேயருக்கு முட்டி அடிபட்டா பண்றது' என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், நுரையீரல் நோய், ஐசியூவில் பல நாள்கள் இருந்தது என எல்லா தீவிர நோய்களுக்கும் இது உண்டு. உலகில் மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் ரீஹாப் பயன்படக்கூடும் என்பதை 2020-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டுச் சொன்னது. 2019 கணக்குப்படி அந்த எண்ணிக்கை 241 கோடிப் பேர்!

உங்கள் வீட்டில் அம்மாயியோ, தாத்தாவோ, அப்பாவோ இப்படி வீடு திரும்பியிருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஏனென்றால், பெரும்பாலான வீடுகளில் போனை கையில் வைத்துக்கொண்டு 'அடுத்து என்ன பண்ணணும்?' என்று தேடுவது நீங்கள்தானே?

நோய் ஒண்ணு, பாதிப்பு வேற!

உலக சுகாதார நிறுவனம் 2001-ல் ஒரு புதிய வகைப்பாட்டை ஏற்றுக்கொண்டது. ஒருவருடைய உடல்நிலையை நோயின் பெயரை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது, அவரால் என்ன செய்ய முடிகிறது என்பதை வைத்தும் பார்க்கணும் என்பது அதன் சாரம். இதை 'செயல்திறன்' என்கிறார்கள். இதில் மூன்று அடுக்குகள்.

முதலாவது, உடல். கை தூக்க முடிகிறதா, மூச்சு போதுமா என்பது. இரண்டாவது, செயல். எழுவது, நடப்பது, குளிப்பது, சாப்பிடுவது. மூன்றாவது, பங்கேற்பு. வேலைக்குப் போவது, கல்யாணத்துக்குப் போவது, மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவில் நிற்பது.

இந்த மூன்றையும் மாற்றக்கூடிய இன்னொன்று இருக்கிறது. அதுதான் சுற்றுச்சூழல். ஒரே அளவு பக்கவாதம், ஒரே அளவு கால் பலவீனம். சேலம் நகரில் லிஃப்ட் உள்ள வீட்டில் இருப்பவர் ஒரு மாதத்தில் கடைக்குப் போய்விடலாம். மலைச்சரிவில் கல்படி வைத்த வீட்டில் இருப்பவர் வாசலோடு நின்றுவிடலாம். நோய் அதேதான், செயல்திறன்தான் வேறு. அதனால்தான் சமதள ஊருக்கு எழுதிய உடற்பயிற்சி சார்ட் மலையில் அப்படியே வேலை செய்யாது.

பாசத்தால் வரும் ஆபத்து

'எழுந்திரிக்காதீங்க, படுங்க. எது வேணும்னாலும் நான் எடுத்துத் தரேன்.' நோயாளி உள்ள எல்லா வீட்டிலும் கேட்கும் வசனம் இது. பாசத்தில் சொல்வதுதான். ஆனால், தேவைக்கு மேல் படுக்கை என்ன செய்யும் என்பதற்கு இரண்டு ஆய்வுகள் போதும்.

1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில், 20 வயதான ஆரோக்கியமான 5 இளைஞர்களை 3 வாரங்கள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். அவர்களின் இதய, நுரையீரல் திறன் மளமளவென இறங்கியது. 30 வருடம் கழித்து அதே 5 பேரையும் மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். 50 வயதில் இருந்த திறனைவிட, 20 வயதில் 3 வாரம் படுத்து எழுந்தபோது இருந்த திறன்தான் மோசம்! 30 வருட முதுமையால் வராத இழப்பு, 3 வாரப் படுக்கையால் வந்திருக்கிறது. நல்ல செய்தியும் உண்டு. அந்த 50 வயதுக்காரர்களுக்கு 6 மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும், வயதால் இழந்த திறன் திரும்பி வந்தது.

2007-ல் வெளியான இன்னொரு ஆய்வில், சராசரியாக 67 வயதான ஆரோக்கியமான முதியவர்கள் 10 நாள்கள் படுக்கையில் இருந்தார்கள். அவர்களின் கால்களில் ஏறக்குறைய 1 கிலோ தசை போய்விட்டது. நோயே இல்லாதவர்களுக்கு இந்த நிலை என்றால், காய்ச்சலும் சரியான சாப்பாடு இல்லாமையும் சேர்ந்த ஒரு நோயாளிக்கு?

ஆகவே, 'ஓய்வு எடுங்க' என்று மருத்துவர் சொன்னால் திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள். 'எத்தனை நாள், எந்த அளவுக்கு?' அளவு சொல்லாத ஓய்வு, வீட்டுக்கு வந்ததும் நிரந்தரப் படுக்கையாக மாறிவிடும்.

கொல்லிமலை டு வேலூர்: இது நம்ம ஊர் கதை!

ரீஹாப் ஏதோ வெளிநாட்டு இறக்குமதி என்று நினைக்க வேண்டாம். இந்தத் துறையின் முக்கியமான பக்கங்கள் தமிழ்நாட்டில் எழுதப்பட்டவை. அதில் ஒன்று தொடங்கியதே ஏற்காட்டின் பக்கத்து மலையில்.

1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர் மருத்துவர் பால் பிராண்ட். பெற்றோர் அங்கே பணியாற்றிய மிஷனரிகள். வளர்ந்து அறுவைசிகிச்சை நிபுணராகி வேலூர் சி.எம்.சி-க்கு வந்தவர், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களின் கைகளை 1940-களின் இறுதியில் சீரமைக்கத் தொடங்கினார். வேலை செய்யும் தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றித் தைப்பது அவருடைய முறை.

அங்கேதான் ஒரு பெரிய பாடம் கிடைத்தது. அறுவைசிகிச்சை பாதி வேலைதான். மாற்றித் தைத்த நாணுக்கு 'இனி உன் வேலை இது' என்று மூளை கற்றுக்கொடுக்கணும். அதற்குப் பிசியோதெரபி வேணும். விரல் நீண்டாலும் அந்தக் கையால் பிழைக்க ஒரு தொழில் தெரியணும். உணர்ச்சியற்ற கையைச் சூடு, காயத்திலிருந்து காத்துக்கொள்ளவும் தெரியணும். உடல், செயல், பங்கேற்பு என்று உலக சுகாதார நிறுவனம் பின்னாளில் வகைப்படுத்தியதை, வேலூரில் அன்றைக்கே நடைமுறையில் பார்த்துவிட்டார்கள்.

அடுத்த பக்கத்தை எழுதியவர் மருத்துவர் மேரி வர்கீஸ். கொச்சியில் பிறந்து சி.எம்.சி-யில் படித்த இளம் மருத்துவர். 1954-ல் நடந்த ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு சேதமாகி, இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. 'இனி மருத்துவமே கிடையாது' என்று யாரும் நினைத்திருக்கக்கூடிய நேரம் அது. மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்யத் தொடங்கினார். நின்றுகொண்டு செய்ய வேண்டிய வேலையை உட்கார்ந்து செய்யும்படி மாற்றிக்கொண்டது, ரீஹாப் என்றால் என்ன என்பதற்கு நேரடி உதாரணம்.

பிறகு ஆஸ்திரேலியாவிலும், நியூயார்க்கில் இத்துறையின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்திலும் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1966-ல் வேலூரில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் உருவானது. நாட்டிலேயே இந்த வகையில் முதலாவது அது. 1972-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்று அந்த நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்லுது?

மாரடைப்பு: 85 ஆய்வுகள், 23,430 நோயாளிகள். இவற்றைத் தொகுத்த ஆய்வின்படி, உடற்பயிற்சி சார்ந்த ரீஹாப் எடுத்தவர்களுக்கு இதயநோயால் வரும் மரண ஆபத்து 26 சதவிகிதம் குறைந்தது. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் யோகா அடிப்படையிலான ரீஹாப்பைச் சோதித்தார்கள். மறுமாரடைப்பு போன்ற பெரிய ஆபத்துகள் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால், பழைய வேலைகளுக்குத் திரும்புவதும், 'நான் நல்லா இருக்கேன்' என்று அவர்களே உணர்வதும் மேம்பட்டது. ஜிம் இல்லாத ஊருக்கு இது முக்கியமான செய்தி.

நுரையீரல் நோய்: சி.ஓ.பி.டி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் புகைபிடிப்பவர்களுக்கு மட்டும் வருவதல்ல. வருடக்கணக்கில் விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கும் வரும். 65 ஆய்வுகளின் தொகுப்பில், நுரையீரல் ரீஹாப் எடுத்தவர்கள் 6 நிமிடத்தில் நடக்கும் தூரம் சராசரியாக 44 மீட்டர் கூடியது. '44 மீட்டர்தானா?' என்று கேட்காதீர்கள். 30 மீட்டர் கூடினாலே அந்த மாற்றத்தை நோயாளியால் உணர முடியும் என்பது நிபுணர்களின் கணக்கு. வீட்டிலிருந்து ரோட்டுக்கு நிற்காமல் போகிறாரா, வழியில் உட்கார்ந்துவிடுகிறாரா என்பதையே அது தீர்மானிக்கலாம்.

புற்றுநோய்: சிகிச்சை முடிந்த பெருங்குடல் புற்றுநோயாளிகள் 889 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2025-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு 3 வருடங்கள் பயிற்சியாளரின் வழிகாட்டலோடு உடற்பயிற்சி, இன்னொரு பிரிவினருக்கு ஆலோசனைப் புத்தகம் மட்டும். 8 வருடங்களில் உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் சுமார் 90 சதவிகிதம், இரண்டாவதில் சுமார் 83 சதவிகிதம். புற்றுநோய் தரும் களைப்புக்கும் ரீஹாப்தான் கைகொடுக்கிறது. 113 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அந்தக் களைப்பைக் குறைப்பதில் மருந்துகளைவிட உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் முன்னே நின்றன.

ஐசியூ: வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு வரும் கடுமையான தசைப் பலவீனத்துக்குத் தனிப் பெயரே உண்டு. 2009-ல் வெளியான 104 பேர் ஆய்வில், வென்டிலேட்டரில் இருக்கும்போதே கை, கால்களை அசைக்கவும் எழுந்து உட்காரவும் உதவி செய்தார்கள். அந்தப் பிரிவில் 59 சதவிகிதத்தினர் தங்கள் வேலைகளைத் தாங்களே செய்யும் நிலையில் டிஸ்சார்ஜ் ஆனார்கள். மற்ற பிரிவில் அது 35 சதவிகிதம்.

அப்போ, சீக்கிரமா நிறைய பண்ணலாமா? கூடாது!

இங்கேதான் கவனம் தேவை. எல்லா ஆய்வும் 'பண்ணு, பண்ணு' என்று சொல்லவில்லை.

பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடக்கவைத்தால் என்ன ஆகும் என்று 5 நாடுகளில் 2,104 பேரிடம் சோதித்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. அதிகமாக எழுப்பப்பட்டவர்களில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் 46 சதவிகிதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50 சதவிகிதம். ஆர்வக்கோளாறு உதவவில்லை, பின்னுக்கு இழுத்தது. ஐசியூவிலும் அதேபோலத்தான். 2022-ல் வந்த 750 பேர் ஆய்வில், வழக்கத்தைவிட அதிகமாக அசைக்கப்பட்டவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. இதயத்துடிப்பு தடுமாறுவது போன்ற பிரச்னைகள்தான் கூடின.

நம் ஊருக்கு மிக நெருக்கமான ஆய்வு இன்னொன்று. இந்தியாவில் 14 மருத்துவமனைகள், பக்கவாதம் வந்த 1,250 பேர். 'பிசியோதெரபிஸ்ட் எல்லா ஊரிலும் இல்லை. குடும்பத்தினருக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் என்ன?' என்பது கேள்வி. நல்ல யோசனைதானே? 2017-ல் வெளியான முடிவு ஏமாற்றம்தான். 6 மாதம் கழித்து இறந்தவர்கள், பிறரைச் சார்ந்திருப்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பயிற்சி பெற்ற குடும்பங்களில் 47 சதவிகிதம். பெறாத குடும்பங்களிலும் 47 சதவிகிதம்.

'அப்போ நாங்க செய்யறதெல்லாம் வேஸ்ட்டா?' இல்லை. குடும்பத்தின் தோளில் மட்டும் மொத்தச் சுமையையும் இறக்கிவைத்தால் போதாது என்பதுதான் இதன் அர்த்தம். பிசியோதெரபிஸ்ட் மதிப்பிட்டு அளவு சொல்லணும், குடும்பம் அதைத் தினமும் நடத்திக்கொடுக்கணும். மாத்திரையைப் போலவே பயிற்சிக்கும் டோஸ் உண்டு.

மலைவீட்டுக்கு என்ன மாத்தணும்?

உயரம்: ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறையும். ஆரோக்கியமானவருக்கு இது தெரியவே தெரியாது. நுரையீரல் நோய், இதயச் செயலிழப்பு உள்ளவருக்குத் தெரியலாம். சேலத்தில் எடுத்த ஆக்சிஜன் ரீடிங் மேலே வந்ததும் கொஞ்சம் இறங்கலாம். எனவே டிஸ்சார்ஜ் அன்றே 'நாங்க ஏற்காட்டுல இருக்கோம். ஆக்சிஜன் எவ்வளவு வரைக்கும் இறங்கலாம்?' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பயிற்சியின்போது 88-க்குக் கீழே போனால் நிறுத்துவது பொதுவான வழக்கம். உங்கள் நோயாளிக்கு மருத்துவர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

ஏற்றம், இறக்கம்: மேடு ஏறும்போது மூச்சும் இதயமும் அதிகம் உழைக்கும். இறங்கும்போது மூச்சு வாங்காது. ஆனால், தொடைத் தசை பிரேக் போட்டுக்கொண்டே இருக்கும், முட்டிக்கும் சுமை. அதனால், 'இறங்கறது ஈஸி' என்று நம்பி நோயாளியைப் பள்ளத்துக்கு அழைத்துப்போய்விட்டால், திரும்பி ஏற முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். முதல் சில வாரங்கள் சமதளம் மட்டும். காபிக்கொட்டை காயவைக்கும் களம், பள்ளி மைதானம், வீட்டு வாசலில் 10 மீட்டர் சமமான இடம், எது கிடைத்தாலும் போதும். அதே இடத்தில் போய்த் திரும்பி நடந்தால், முடியாதபோது வீடு பக்கத்திலேயே இருக்கும்.

படிக்கட்டு: ஒரு கால் பலவீனமாக இருந்தால் இந்த விதியை மனப்பாடம் செய்யுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பாதித்த கால் முதலில். ஊன்றுகோலைப் பிடிக்க வேண்டியது பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். நிறைய பேர் தப்பாகப் பிடிப்பது இங்கேதான். படிக்கட்டின் ஒரு பக்கமாவது பிடித்து ஏற ஒரு கம்பியோ, உறுதியாக நட்ட மூங்கிலோ இருக்கட்டும்.

மழை, பனி: ஈரமான கல்லும் பாசியும் நோயாளியின் எதிரிகள். வார் உள்ள, பின்பக்கம் மூடிய செருப்பு போடுங்கள். ஹவாய் செருப்பு வேண்டாம். குளிர்ந்த காற்று சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கும். அதனால் பனிமூட்டம் விலகி வெயில் வந்த பிறகு நடக்கலாம். மழை நாளில் வீட்டுக்குள்ளேயே நாற்காலிப் பயிற்சி.

பாத்ரூம்: கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால் முதல் செலவு அங்கேதான். வழியில் லைட், சுவரில் கைப்பிடி, இந்தியன் டாய்லெட்டின் மேல் வைக்கும் கமோட் நாற்காலி. இந்த மூன்றும் இருந்தால், பல பேர் ராத்திரி தனியாகப் போய் வருவார்கள். ஒருவருடைய மானமும் தன்னம்பிக்கையும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

வீட்டிலேயே அளந்து பாருங்க!

உங்கள் போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறதுதானே? மருத்துவர் 'பயிற்சி செய்யலாம்' என்று சொன்ன பிறகு இந்த மூன்றையும் வாரம் ஒருமுறை குறித்துவையுங்கள்.

1. நாற்காலி டெஸ்ட்: கைப்பிடி இல்லாத, சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது? 60-64 வயதில் ஆண்களுக்கு 14-க்கும் பெண்களுக்கு 12-க்கும் குறைவு என்றால், கால் பலம் சராசரிக்குக் கீழே என்று அர்த்தம். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் அதையும் எழுதிவையுங்கள். அடுத்த மாதம் ஊன்றாமல் எழுந்தால் அதுவே முன்னேற்றம்.

2. பேச்சு டெஸ்ட்: நடக்கும்போது பக்கத்தில் பேசிக்கொண்டே நடங்கள். முழு வாக்கியம் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அளவு சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். எந்தக் கருவியும் வேண்டாம்.

3. மறுநாள் டெஸ்ட்: இன்று செய்த பயிற்சியால் நாளை எழவே முடியாத களைப்பு வந்தால், டோஸ் அதிகம். பாதியாகக் குறையுங்கள். களைப்பே இல்லை என்றால் நாளைக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள்.

மூச்சு வாங்குபவர்களுக்கு இன்னொரு டெக்னிக். மூக்கால் 2 எண்ணும்வரை இழுத்து, விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவித்து 4 எண்ணும்வரை மெதுவாக விடணும். படி ஏறும்போது மூச்சை அடக்கக் கூடாது, காலைத் தூக்கி வைக்கும்போது விடணும்.

பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது பலவீனமான கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள்மூட்டு விலகிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் பயிற்சியையே நிறுத்திவிடும். இடுப்பில் ஒரு அகலமான துணியைக் கட்டி அதைப் பிடித்து எழுப்புங்கள். சாப்பிடும்போது இருமினாலோ, குரல் கரகரத்தாலோ விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எப்போ நிறுத்தணும்?

நெஞ்சு வலி அல்லது அழுத்தம், தலைசுற்றல், புதிதாகப் படபடப்பு, ஓய்வு எடுத்தும் அடங்காத மூச்சுத்திணறல் வந்தால் அந்த நொடியே நிறுத்திவிட்டு 108-க்கு அழையுங்கள். முகம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கம் திடீரென பலம் இழப்பது, இவற்றுக்கும் அதேதான். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் ரத்தக்கட்டி இருக்கலாம், நடக்கவைக்காமல் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல் உள்ள நாளில் பயிற்சி வேண்டாம். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தாலோ, ரத்தத்தட்டுகள் குறைந்திருந்தாலோ, எந்தப் பயிற்சி கூடாது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யார்கிட்ட கேட்கறது?

மலையில் ரீஹாப் பாதியில் நின்றுபோக முக்கியக் காரணம் சோம்பல் அல்ல, பஸ். பக்கவாதம் வந்தவரை வாரம் மூன்று நாள் 20 வளைவு இறக்கி, ஏற்றுவது நடக்கிற காரியமா? கூட வருபவரின் அன்றைய கூலியும் போகும்.

இதற்கு மாற்று ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பலரும் 'வீட்டுக்கு வந்து பிபி, சுகர் மாத்திரை தர்றது' என்று மட்டும் நினைக்கிறார்கள். வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்பு சிகிச்சையும் அதே திட்டத்தில் உண்டு. கேட்டால்தான் பட்டியலில் பெயர் ஏறும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஊருக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ, 'பிசியோதெரபி வேணும்' என்று தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசின் 'விழுதுகள்' சேவை மையங்கள் பற்றியும் விசாரியுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண் இருக்கிறது.

சிகிச்சையாளர் மாதம் ஒருமுறைதான் வர முடியும் என்றால், இடைப்பட்ட நாள்களுக்கு வீடியோ கால் கேளுங்கள். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் 1,904 பேர் பங்கேற்ற 15 ஆய்வுகளைத் தொகுத்ததில், தொலைவழி ரீஹாப்பும் நேரில் போய் எடுத்ததும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. சிகிச்சையாளர் சொல்லிக்கொடுக்கும்போது அவர் அனுமதியோடு வீடியோ எடுத்துவையுங்கள். தினமும் அதைப் போட்டுப் பார்த்துச் செய்தால், யூடியூபில் யாருக்கோ போட்ட பயிற்சியைத் தேடவேண்டி வராது.

குணமாகாத நோய் என்றால்?

'இனி பண்ண ஒண்ணுமில்லை' என்று மருத்துவமனை அனுப்பிவைத்த நோயாளிக்கும் ரீஹாப் உண்டு. அங்கே இலக்குதான் மாறும். முற்றிய புற்றுநோயில் இருப்பவருக்கு ஒரு கிலோமீட்டர் நடப்பது தேவையில்லை. படுக்கைப்புண் வராமல் திரும்பிப் படுப்பது, கையால் எடுத்துச் சாப்பிடுவது, திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்து வருவோர் போவோரிடம் பேசுவது, இவை தேவை. இருக்கும் பலத்தை முக்கியமான வேலைக்குச் சேமித்துவைப்பதும் சிகிச்சைதான். குளிக்கவே பாதித் தெம்பு போய்விடுகிறது என்றால், உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல் போடுங்கள். மிச்சமாகும் தெம்பில் பேரனோடு பேசட்டும்.

எது முக்கியமான வேலை என்பதை நீங்களோ மருத்துவரோ முடிவு செய்ய முடியாது. 'அம்மாயி, இந்த வாரம் நீங்களா என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?' என்று கேளுங்கள். 'அடுப்பாங்கரையில உக்காந்து ஒரு வாய் காபி நானே போட்டுக்கணும்' என்று பதில் வரலாம். அப்படி வந்தால், இந்த வாரத்தின் பயிற்சி அதுதான். கட்டிலிலிருந்து எழுவது, அடுப்பு வரை 8 அடி நடப்பது, உட்கார ஒரு ஸ்டூல், டம்ளரைத் தூக்க விரல் பலம். நான்கையும் பிரித்து ஒவ்வொன்றாகப் பழக்குங்கள்.

டிஸ்சார்ஜ் நாளில் கேட்க வேண்டிய 6 கேள்விகள் - ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க!

1. எந்த நாளிலிருந்து எழுந்து உட்கார, நிற்க, நடக்கலாம்?

2. ஒரு நாளைக்கு எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம்?

3. நாடித்துடிப்பு, பிபி, ஆக்சிஜன் எந்த அளவைத் தாண்டினால் நிறுத்தணும்?

4. எங்கள் வீடு மலையில், இத்தனை படி இருக்கிறது. எப்போது ஏறலாம்?

5. எந்த அசைவு, எவ்வளவு எடை தூக்குவது கூடவே கூடாது?

6. எங்கள் ஊருக்கு வரக்கூடிய பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் தருவீர்களா?

ஆறாவதை மறந்துவிடாதீர்கள். அந்த ஒரு தாள் கையில் இருந்தால், சுகாதார நிலையத்தில் உங்கள் பேச்சு பாதியில் முடிந்துவிடும். சிகிச்சை சீக்கிரம் தொடங்கும்.